கோவன்: பாட்டுக்காகச் சிறை சென்ற மக்கள் பாடகர்

கோவன் என அறியப்படும் சிவதாஸ், தமிழ்நாட்டின் திருச்சியைச் சேர்ந்தவர். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் மேடைகளில், பாமரருக்கும் புரியும் பேச்சுத் தமிழில் அரசியல் பாடல்களைப் பாடி வருபவர்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் நடத்துகிறது. மதுக்கடையை அகற்றக் கோரிய போராட்டத்தின்போது 2015 ஜூலை 31-இல் காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். எதிர்ப்பு வலுத்தது. கோவனின் ‘மூடு டாஸ்மாக்கை மூடு’ பாடலும் பரவியது.

அதே ஆண்டு அக்டோபர் 30 அதிகாலையில் வீட்டிலிருந்த கோவனைப் போலீசார் கைது செய்தனர். முதல்வர் ஜெயலலிதாவைச் சாடிய பாடல்களுக்காக, இந்தியத் தண்டனைச் சட்டம் 124ஏ பிரிவின்படி தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. நவம்பரில் ஜாமீனில் வெளிவந்தார். கைதுச் செய்தியால் பாடல் இன்னும் பலரைச் சென்றடைந்தது.

2016 மே மாதம் மீண்டும் முதல்வரான ஜெயலலிதா, 500 மதுக்கடைகளை மூட உத்தரவிட்டார். 2018 ஏப்ரலில், பிரதமர் மோடியை விமர்சித்த பாடலுக்காகக் கோவன் மறுபடியும் கைதானார்.

வெள்ளையர் காலத்து 124ஏ பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 11-இல் நிறுத்திவைத்தது. மலேசியாவிலோ, அதே வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த 1948 தேச நிந்தனைச் சட்டம் இன்னும் நடப்பில் உள்ளது. தோட்டத்துக் கள்ளுக்கடையில் கூலி கரைந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த மலாக்கா தமிழர்களுக்கு, கோவனின் பாட்டும் புதிதல்ல. அவரைச் சிறைக்கு அனுப்பிய சட்டமும் புதிதல்ல.