தேங்காய் பன்

தேங்காய் பன், இரண்டு மைதா வட்டங்களுக்கு நடுவே தேங்காய்த் துருவல், சர்க்கரை, டூட்டி ஃப்ரூட்டி வைத்து மூடிச் சுடப்படும் பேக்கரிப் பண்டம். தில்பசந்த், தில்குஷ் என்றும் பெயர் உண்டு. முக்கோணத் துண்டுகளாக வெட்டி விற்பார்கள். கொங்குப் பகுதி பேக்கரிகளின் கண்ணாடி அலமாரியில் இதைவிட அழகான பண்டம் இல்லை.

இது ஐயங்கார் பேக்கரி மரபில் வந்தது. ஹாசன் பகுதியிலிருந்து பெங்களூர் வந்த எச்.எஸ். திருமலாச்சார் 1898இல் சிக்பேட்டையில் பி.பி. பேக்கரியைத் தொடங்கினார். முட்டை சேர்க்காமல் சுடும் வழக்கம் இம்மரபுக்கு உரியது.

பண்டத்துக்கு நிறம் தரும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக் காயே. பப்பாளி வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றி, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ வரிசை இரகங்களுள் கோ 2 (1979), கோ 5 (1985), கோ 6 (1986) ஆகியவை பப்பாளிப் பால் எடுக்கப் பெயர்பெற்றவை. கோ 2 உள்ளூர் வகையிலிருந்தும், கோ 5 வாஷிங்டன் வகையிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 75 முதல் 90 நாள் வயதான காயில் விடியற்காலையில் நீளவாக்கில் நான்கு கீறல் போடுவார்கள். கீறலின் ஆழம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சொட்டும் பாலைத் தட்டில் பிடித்து உலர்த்தினால் பப்பெயின் என்ற நொதி கிடைக்கும். மூன்று நான்கு நாள் இடைவெளியில் அதே காயில் மறுபடியும் கீறுவார்கள். இப்படித் தழும்பேறிய காயைக் கடையில் யாரும் வாங்கமாட்டார்கள். அதுதான் டூட்டி ஃப்ரூட்டிக்குப் போகிறது. தோல் சீவி, சிறு கட்டங்களாக நறுக்கி, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து வேகவைப்பார்கள். பிறகு சர்க்கரைப் பாகின் அடர்த்தியை நாளுக்கு நாள் ஏற்றி, சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறமூட்டி உலர்த்துவார்கள். பால் எடுத்த காய்தானே என்று இதைத் தாழ்த்திப் பேசுவது தவறு. ஒரே காய் இரண்டு தொழிலுக்குச் சோறு போடுகிறது. மேலே பதிக்கும் பேக்கரி செர்ரியும் பெரும்பாலும் பாகேறிய களாக்காயே.

வீட்டில் செய்ய 250 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், கொஞ்சம் வெண்ணெய், வெதுவெதுப்பான பால் போதும். பிசைந்து ஒரு மணி நேரம் விட்டால் மாவு உப்பிவரும். தேங்காய்த் துருவலை ஈரம் போக லேசாக வறுத்துச் சர்க்கரை, ஏலக்காய், டூட்டி ஃப்ரூட்டி கலக்க வேண்டும். வறுக்காவிட்டால் அடிப்பக்கம் சொதசொதவென்று ஆகிவிடும். ஒரு வட்டத்தில் பூரணத்தைப் பரப்பி, மற்றதால் மூடி, ஓரத்தை விரலால் அழுத்தி, மேலே பால் தடவி, 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் சுட்டால் பொன்னிறமாக வரும். ஓரம் கோணலானால் கவலை இல்லை. முழு வட்டத்தையும் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, சூடு ஆறும் முன் விருந்தினர் எதிரிலேயே வெட்ட வேண்டும். கத்தி இறங்கும்போது சிவப்பும் பச்சையும் தேங்காய் வெள்ளைக்கு நடுவே தெரியும். அந்த அலங்காரமே போதும்.

2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த மண்ணரை போன்ற பகுதிகளில், பனியன் கம்பெனிகளின் டீ நேரத்துக்கு இது துண்டுக் கணக்கில் விற்கிறது.