தாயின்மேல் விழுந்த பழி

கடாரம் எனப் பண்டைத் தமிழர் வழங்கிய கெடா நாட்டில், இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய நாளில், பெற்றோர் பால்வெட்டச் செல்லப் பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தனர். பேசாமலும் முகம் பாராமலும் தனித்திருக்கும் பிள்ளையைக் கண்டால், தாய் செய்த வினை என்று ஊரார் கூறுவதுண்டு.

இப்பழி கல்லாதாரிடம் மட்டும் பிறந்ததன்று. 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து ஆட்டிசம் என்னும் நிலையை விளக்கினார். பெற்றோரின் அன்பின்மையே அதற்குக் காரணம் என்னும் கொள்கை பின்னர்ப் பரவியது. ஆட்டிசமுள்ள மகனின் தந்தையாகிய உளவியலறிஞர் பெர்னார்டு ரிம்லண்டு 1964-இலேயே அதனை மறுத்து நூல் எழுதினார். எனினும், 1967-இல் புரூனோ பெட்டல்ஹைமின் நூல் அப்பழியை மீண்டும் வலுப்படுத்தியது. 1977-இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு மரபுவழிக் காரணத்தைச் சுட்டிற்று.

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்த்தொகுப்பில் ஆட்டிசமும், பேரதிர்ச்சியால் வரும் மனவடு நோயும் முதன்முறையாகத் தனிப் பெயர்களுடன் இடம்பெற்றன. ஆயினும், இரண்டும் ஒருவரிடமே கூடும் என்பது நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. ஏளனத்துக்கும் அடிக்கும் அஞ்சி ஒடுங்கிய பிள்ளையைக் கண்டும், 'அஃது ஆட்டிசத்தின் இயல்பு' என்று விட்டுவிடுதல் எளிதாயிற்று.

தொலைவிலிருந்து மனநலம் பேணுதலும் புதிதன்று. 1964-இல் நெப்ராஸ்கா மனநலக் கழகம் 112 மைல் அப்பாலிருந்த மருத்துவமனையுடன் இருவழித் தொலைக்காட்சியால் இணைந்தது. மலேசியாவில் தேசிய ஆட்டிசச் சங்கம் 1986-இல் தோன்றியது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், இணையவழிச் சிகிச்சை பல குடும்பங்களுக்குத் துணையாயிற்று.

இம்முறையில் பிள்ளை பழகிய இடத்திலேயே இருக்கலாம். பேச இயலாவிடில் எழுதியோ படம் காட்டியோ மறுமொழி கூறலாம். அச்சத்தின் அறிகுறிகளைத் தாய் கற்கிறாள். அவளுடைய மனப்புண்ணுக்கும் செவி கிடைக்கிறது. பாலிங் வட்டாரத் தோட்டத்தார்க்குச் சுங்கை பட்டாணி சென்றுவரும் ஒருநாட் கூலியும் மிஞ்சும்.

ஆயினும், 'அருகில் யார் இருக்கிறார்? அச்சமின்றிப் பேச இயலுமா?' என்பதே சிகிச்சையாளர் முதலிற் கேட்க வேண்டிய வினா. அடுத்த வீட்டுப் பேச்சும் கேட்கும் லயத்தில் இதற்கு விடை எளிதன்று. மாலையில் வெறுமையாகும் தமிழ்ப்பள்ளி அறையொன்றை இதற்கு ஒதுக்கலாகாதா? நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலங்குகிறது என்று தாய் சொல்வதைத் தமிழிலேயே கேட்டறிவோரும் மறுமுனையில் வேண்டும். இவ்விரண்டையும் தேடித் தருவதில் தமிழாசிரியர்க்குப் பங்குண்டு.