ஞானத் தராசும் விண்வெளிச் சமநிலையும்

ஹிஜ்ரி 515 (கி.பி. 1121) ஆம் ஆண்டளவில், இன்றைய துர்க்மெனிஸ்தானிலுள்ள மர்வ் நகரில் அறிஞர் அல்காஸினீ 'மீஸானுல் ஹிக்மா' (ஞானத் தராசு) என்னும் நூலை இயற்றினார். ஒரு பொருளைக் காற்றிலும் நீரிலும் எடையிட்டு, பொன்னில் கலந்துள்ள மாற்று உலோகத்தைக் கண்டறியும் முறையை அது விளக்குகிறது. உலக மையத்திலிருந்து உள்ள தொலைவைப் பொறுத்துப் பொருளின் கனம் மாறுபடும் என்றும் அவர் எழுதினார்.

இதைக் கொண்டு, நியூட்டனுக்கு முன்பே ஈர்ப்பு விதியைக் கண்டவர் அவரே என்று நம்மில் சிலர் பெருமிதம் கொள்வதுண்டு. ஆனால், தொலைவு மிகுந்தால் கனமும் மிகும் என்பதே அவர் கொள்கை; 1687 இல் நியூட்டன் வெளியிட்ட விதியோ, தொலைவு மிகுந்தால் ஈர்ப்பு குறையும் என்கிறது. அல்காஸினீயின் உண்மையான பெருமை, கலப்படத்தை வெளிப்படுத்திய அவரது துல்லியமான அளவையிலேயே இருக்கிறது.

பேரண்டத்தை எடையிட முனைந்த நவீன அறிஞர்களும் இத்தகைய சோதனைக்கு ஆளாயினர். 1917 இல் ஐன்ஸ்டீன், பேரண்டம் அசைவற்றது என்னும் அக்கால நம்பிக்கையை ஏற்றார். பருப்பொருளின் ஈர்ப்பால் அது தன்னுள் சரிந்துவிடாதிருக்க, எதிர்விசையாக ஒரு மாறிலியைத் தம் சமன்பாட்டில் சேர்த்தார். பேரண்டம் விரிவடையக் கூடும் என 1922 இல் ரஷ்ய அறிஞர் ஃப்ரீட்மன் கணித்துக் காட்டியபோது அதைப் பிழை என்றார். மறு ஆண்டே அம்மறுப்பைத் திரும்பப் பெற்றார். அசைவற்ற அச்சமநிலை சிறு சலனத்தையும் தாங்காது என 1930 இல் எடிங்டன் நிறுவினார். விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்வதை ஹப்பிளின் 1929 ஆம் ஆண்டு அளவீடுகள் உணர்த்தியிருந்தன. 1931 இல் ஐன்ஸ்டீன் அம்மாறிலியைக் கைவிட்டார்.

வரலாறு அத்துடன் முடியவில்லை. தொலைதூர விண்மீன் வெடிப்புகளை ஆராய்ந்த இரு குழுவினர், விரிவின் வேகம் கூடி வருவதை 1998 இல் அறிவித்தனர். கைவிடப்பட்ட மாறிலி மீண்டும் இடம்பெற்றது. பிளாங்க் விண்கல அளவீடுகளின்படி, சாதாரணப் பருப்பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடு, கரும்பொருள் 27, விரிவை விரைவுபடுத்தும் கரும் ஆற்றல் 68. அவ்வாற்றலும் காலப்போக்கில் மாறக்கூடுமோ என்னும் ஐயத்தை 2024, 2025 ஆம் ஆண்டுகளின் டெசி ஆய்வு முடிவுகள் எழுப்பியுள்ளன.

ஆகவே, இன்றைய கணக்கை மாறா உண்மையெனக் கொண்டு அதன்மீது நம் பெருமிதங்களை எழுப்புவது தகாது. எடையிடுவோர் தம் விருப்பத்தைத் தட்டில் வைக்கலாகாது. அல்காஸினீயின் மரபுக்கு நாம் உரிமை கோர விரும்பினால், அந்த நேர்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.