குற்றப் பகுப்பும் நீதிமன்ற நியாயாதிக்கமும்: 1962 ஆம் ஆண்டுச் சதி வழக்கு பற்றிய ஒரு நோக்கு

குற்றங்களைச் சிறியன, பெரியன எனப் பகுத்தல் தண்டனையின் அளவை மாத்திரம் பற்றியதன்று. குற்றஞ்சாட்டப்பட்டவரை விசாரிப்பவர் யாவர் என்பதையும் அப்பகுப்பே நிருணயிக்கின்றது. இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றங்களை வரையறுத்தது. அவற்றுள் எதனை எந்நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பதை 1898 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவை அட்டவணைப்படுத்தியது. சிறு குற்றங்களை நீதவான் சுருக்கமுறையில் விசாரித்தார். கொலை போன்ற பாரிய குற்றங்கள், நீதவானின் பூர்வாங்க விசாரணையின் பின்னர், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும் யூரர் சபையும் கூடி விசாரிக்க விடப்பட்டன. அரசுக்கெதிரான சில குற்றங்களை மாத்திரம் மூன்று நீதிபதிகள் யூரரின்றி விசாரிக்க விதிவிலக்கு இருந்தது.

இவ்விதிவிலக்கே 1962 இல் பெருஞ் சோதனைக்குள்ளானது. அவ்வாண்டு சனவரி 27 ஆம் திகதி இரவு நிகழவிருந்த சதிப்புரட்சி முறியடிக்கப்பட்டது. இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் உட்பட 24 பேர்மீது குற்றஞ் சுமத்தப்பட்டது. மார்ச்சு மாதத்தில் இயற்றப்பட்ட விசேட சட்டமொன்று சனவரி முதலாந் திகதியிலிருந்தே வலுவுடையதாக்கப்பட்டது. பொலிஸ் அதிகாரிகளிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலங்களைச் சான்றாக ஏற்கவும், பத்தாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையும் சொத்துப் பறிமுதலும் விதிக்கவும் அது வழிசெய்தது. விசாரிக்கும் நீதிபதிகள் மூவரையும் பெயர் குறித்து நியமிக்கும் அதிகாரம் நீதி அமைச்சருக்கு வழங்கப்பட்டது.

அவ்வாறு நியமிக்கப்பெற்ற மூவருமே அவ்வதிகாரம் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்த்து, விசாரணையை நடத்தாது விலகினர். பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, அவ்வதிகாரம் பிரதம நீதியரசரிடம் ஒப்படைக்கப்பட்டது. இறுதியாக நியமனம்பெற்ற நீதிபதிகள் முன்னிலையில் 324 நாட்கள் நீடித்த விசாரணை, 1965 ஏப்பிரலில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. ஆயின், இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் அவ்வாண்டு திசம்பரில் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. குறித்த சிலரை நோக்கி இயற்றப்பட்ட இச்சட்டம், சட்டசபை நீதித்துறையின் அதிகாரத்தைக் கவர்ந்துகொண்டதற்கு ஒப்பானது என்பதே அதன் முடிபாகும்.

சுமத்தப்பட்ட குற்றம் அற்பமானதன்று. எனினும், எல்லோர்க்கும் பொதுவாக முன்னரே வகுக்கப்படும்போதுதான் குற்றப் பகுப்பு சட்டமாகின்றது. கைதானவரின் முகத்தை நோக்கிப் பின்னர் வகுக்கப்படுமாயின், அது விசாரணைக்கு முந்திய தீர்ப்பாகவே அமையும். 1979 ஆம் ஆண்டின் நடவடிக்கைமுறைக் கோவையிலும் மூவர் விசாரணை இடம்பெற்றுள்ளது. ஆதலின், 1962 கற்பித்த பாடம் வரலாற்று மாணவர் மாத்திரமன்றிப் பிரசைகள் யாவரும் உளங்கொள்ளத் தக்கதாகும்.