நேமாடேயின் நாவலும் தேசீவாதமும்

மராத்தி நாவல் வரலாற்றில் 1963ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். பாலச்சந்திர நேமாடேயின் ‘கோசலா’ அவ்வாண்டில் வெளிவந்தது. சிற்றூரிலிருந்து புணேக்குக் கற்கச் சென்று, தோல்வியுற்று ஊர் திரும்பும் பாண்டுரங்கனின் தன்கூற்றாக அது அமைகின்றது. செம்மைநடையினும் பேச்சுமொழியே இதில் முதன்மை பெற்றது.

ஆய்வாளர் சிலர் இந்நாவலில் மேலை இருத்தலியத்தின் சாயலைக் கண்டனர். ஆயின் நேமாடேயோ, சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘டீகாஸ்வயம்வர்’ என்னும் கட்டுரைத் தொகுதியின்வழித் தேசீவாதத்தின் முதன்மைக் குரலாக அறியப்பட்டார். இலக்கியம் தன் மண்மரபில் வேர்கொள்ள வேண்டும் என்பதே அக்கொள்கையாகும். இவ்விரண்டும் முரண்படுவன போலத் தோன்றும். எனினும், அயல் தாக்கம் உண்டா என்பதன்று, அதனைத் தன்மயமாக்கும் ஆற்றல் தாய்மொழிக்கு உண்டா என்பதே அடிப்படை வினாவாகும். அவ்வாற்றலுக்குக் ‘கோசலா’வின் மொழிநடையே சான்று.

2010இல் வெளிவந்த ‘ஹிந்து’ நாவல், தொல்லியலாளன் கண்டேராவின் நினைவோட்டத்தில் மொகெஞ்சதாரோவையும் கானதேசச் சிற்றூரையும் இணைக்கின்றது. 2014ஆம் ஆண்டிற்கான ஞானபீட விருது நேமாடேக்கு வழங்கப்பட்டது. படைப்பும் திறனாய்வும் ஒன்றையொன்று சோதித்தமையே அவர்தம் தனித்தன்மை எனலாம்.