கொடை நுரையீரல் பாதுகாப்பு

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த நுரையீரலை இன்னொருவர் மார்பில் பொருத்தும்வரை கெடாமல் காக்கும் முறை. தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்புதானத் திட்டம் 2008இல் தொடங்கியது; இன்று டிரான்ஸ்டான் ஆணையம் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கிறது. சென்னையில் குரோம்பேட்டை ரேலா, பெரும்பாக்கம் கிளெனீகிள்ஸ் மருத்துவமனைகளில் நுரையீரல் மாற்று அறுவை நடக்கிறது.

உறுப்பை எடுக்குமுன், பொட்டாசியம் குறைந்த, டெக்ஸ்ட்ரான் கலந்த குளிர்ந்த கரைசலை நுரையீரல் தமனி வழியே பாய்ச்சி இரத்தத்தைக் கழுவுவார்கள். உறுப்பு வெளுத்துவிடும். அடுத்த வேலைதான் நுட்பமானது. மற்ற உறுப்புகளைப் போலன்றி இதை ஓரளவு காற்றால் உப்பவைத்து, மூச்சுக்குழலை அடைத்துவிடுவார்கள். உள்ளே தங்கும் ஆக்சிஜன் செல்களுக்கு உதவும். காற்றறைகளும் சுருங்கி ஒட்டாது. அதற்காக அதிகம் ஊதவும் கூடாது: உறுப்பைக் கொண்டுசெல்லும் விமானம் மேலேறும்போது காற்று விரிந்து திசுவைச் சிதைக்கும்.

பிறகு உறைகளில் கட்டி ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். வழக்கமான கெடு 6 முதல் 8 மணி நேரம். சேமிப்பில் நேர்ந்த சேதம், பொருத்தியபின் இரத்தம் மீண்டும் பாயும்போதுதான் வெளிப்படும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஐஸைவிட 10 டிகிரி செல்சியஸ் நல்லது என்று டொராண்டோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உடலுக்கு வெளியே நுரையீரலைச் சுவாசிக்கவைத்துச் சோதிக்கும் கருவியும் உண்டு, விலைதான் தடை.

கெடுவில் ஒரு பங்கைச் சாலை தின்றுவிடும். மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து வரும் ஜி.எஸ்.டி. சாலையில் சைரன் கேட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள்.