பாயும் மேசையும்: நம் சஹன் விருந்தின் வரலாறு



புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் ஊர்களிலும், சற்று உள்ளே அறந்தாங்கியிலும் வாழும் நம் குடும்பங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு என்றால் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். கூடத்தில் பாய் விரிப்பார்கள். அதன்மேல் சுப்ரா விரிப்பார்கள். சோறும் கறியும் நிறைந்த சஹன் நடுவே வந்து அமரும். அதைச் சுற்றி இருவரோ மூவரோ நால்வரோ, ஊர் வழக்கப்படி, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைப்பார்கள்.

இன்று அதே வீடுகளில் சாப்பாட்டு மேசையும் இருக்கிறது. அதனால் ஒரு சிக்கலும் வந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்து நிக்காஹ் ஒன்றில், முழங்கால் வலியால் தரையில் அமர இயலாத பெரியவர் ஒருவரை, மரியாதை என்று எண்ணி, கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலியில் அமர்த்தித் தனித்தட்டில் சோறு வைத்தோம். வாழ்நாள் முழுவதும் சஹனில் மற்றவருக்குக் கறியை எடுத்து வைத்தே பழகிய கை அது. இரண்டு கவளம் உண்டார், எழுந்துவிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் செய்தது மரியாதையா, விலக்கமா என்ற கேள்வி அன்றிலிருந்து எங்களை விடவில்லை.

பாயையும் மேசையையும் ஒரே விருந்தில் எப்படிச் சேர்ப்பது? நம் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

பயணத்தில் பிறந்த விரிப்பு

'சுப்ரா' என்று நாம் வழங்கும் சொல் அரபியில் 'ஸுஃப்ரா'. பயணம் என்று பொருள்படும் 'ஸஃபர்' என்னும் வேரிலிருந்து அது பிறந்தது. முதலில் அது பயணி எடுத்துச் செல்லும் கட்டுச்சோற்றைக் குறித்தது. பிறகு அச்சோற்றைப் பொதிந்து செல்லும் தோலையும், அத்தோலை விரித்து அதன்மேல் உண்பதால் விரிப்பையும் குறித்தது. கடல் கடந்து பொருள் தேடப் போனவர்களை நம் ஊர்களில் 'சபுராளி' என்கிறோமே, அச்சொல்லுக்கும் வேர் இதுதான். சபுர் போனவரும் அவர் திரும்பி வந்து அமர்ந்த சுப்ராவும் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

நபி (ஸல்) அவர்கள் உயர்ந்த உணவு மேசையில் உண்டதில்லை என்றும், ஸுஃப்ராவின் மீதே உண்டார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அங்கே மேசையைக் குறிக்க வரும் 'கிவான்' என்ற சொல் பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்தது. நம் உர்தூ பேசும் சகோதரர்கள் தரை விரிப்பைத் 'தஸ்தர்கான்' என்கிறார்களே, அதன் ஈற்றில் நிற்பதும் அதே சொல்தான். மேசையைக் குறித்த சொல் காலப்போக்கில் பாயருகே வந்து அமர்ந்துகொண்டது.

சாய்ந்துகொண்டு உண்பதில்லை என்று நபியவர்கள் கூறியதும் புகாரியில் பதிவாகியுள்ளது. அக்கால உலகில் சாய்ந்து உண்பது பெருஞ்செல்வரின் அடையாளமாகவும் இருந்தது. ரோமானியச் செல்வர்கள் ஒரு மேசையின் மூன்று பக்கங்களிலும் சாய்வுக் கட்டில்களை இட்டு, அவற்றில் படுத்தவாறு உண்டார்கள். யார் எந்தக் கட்டிலில், எந்த இடத்தில் என்பதே அவரவர் தகுதியைச் சொல்லிவிடும்.

நபியவர்கள் மாற்றிக்கொண்ட அமர்வு

அப்துல்லாஹ் இப்னு புஸ்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெரிய உணவுப் பாத்திரம் ஒன்று நபியவர்களிடம் இருந்தது. ஒரு நாள் முற்பகல் தொழுகைக்குப் பின் அது கொண்டுவரப்பட, மக்கள் அதைச் சூழ்ந்தனர். கூட்டம் பெருகியபோது நபியவர்கள் முழந்தாளிட்டு, இடத்தைக் குறுக்கிக்கொண்டு அமர்ந்தார்கள். இது என்ன அமர்வு என்று ஒரு கிராமவாசி வியந்து கேட்டார். அல்லாஹ் தம்மைப் பெருந்தன்மையுள்ள அடியாராக ஆக்கினானே தவிர ஆணவம் கொண்டவராக ஆக்கவில்லை என்ற கருத்தில் பதில் கூறினார்கள். பாத்திரத்தின் ஓரங்களிலிருந்து உண்ணும்படியும் சொன்னார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமர்வு முறை ஒன்றே என்று அங்கே கட்டிப்போடப்படவில்லை. வந்தவருக்கு இடம் வேண்டியிருந்தது. அதற்காக அமர்வு மாறியது.

திருக்குர்ஆனின் 24:61 வசனம் இன்னும் நெருங்கி வருகிறது. பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோர் மீது குற்றமில்லை என்று தொடங்கும் அவ்வசனம், சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்று கூறுகிறது. இவ்வசனத்தின் பின்னணியாக விரிவுரையாளர்கள் கூறும் காரணங்களில் ஒன்று நம் நெஞ்சைத் தொடுகிறது. கால் ஊனமுற்றவரால் பந்தியில் சரியாக அமர இயலாது. பார்வையற்றவருக்கு நல்ல துண்டு எதுவென்று தெரியாது. அவர்களோடு உண்டால் அவர்கள் பங்கைத் தாம் எடுத்துவிடுவோமோ என்று மக்கள் தயங்கினார்களாம். அந்தத் தயக்கத்தை வசனம் நீக்கியது. முழங்கால் வலியுள்ள நம் பெரியவரின் சிக்கல் மதீனாவிலேயே பேசப்பட்டுவிட்டது.

மேசை ஹராமா?

மேசையில் உண்பது தவறு என்று நம்மில் சிலர் கடுமையாகப் பேசுவதுண்டு. ஹிஜ்ரி 505, அதாவது 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இதை அன்றே ஆராய்ந்திருக்கிறார்கள். 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் உண்ணும் ஒழுக்கங்களைக் கூறும் பகுதியில், நபியவர்களுக்குப் பின் தோன்றிய நான்கு புதுமைகளாக மேசை, சல்லடை, கை கழுவும் உவர்ப்பொடி, வயிறு நிரம்ப உண்ணுதல் ஆகியவை எண்ணப்படுகின்றன. தரை விரிப்பே சுன்னத்துக்கு நெருக்கமானது, பணிவுக்கு உகந்தது என்கிறார்கள் இமாம். அதே வேளையில், மேசை என்பது உண்பதற்கு எளிதாக உணவை உயர்த்தி வைப்பதுதான், அதற்குத் தடை ஏதும் இல்லை என்றும் தெளிவுபடுத்துகிறார்கள். நால்வரில் மிகக் கடுமையானது வயிறு நிரம்ப உண்பதே என்கிறார்கள். மேசையைப் பற்றி வாதிடும் நாம் நான்காவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நம் வட்டாரத்துக்கு மேசை வந்த வழி

தரையில் அமர்ந்து உண்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அண்டையிலுள்ள செட்டிநாட்டு வீடுகளிலும் நீண்ட கூடத்தில் தரையில் வரிசையாக இலை போட்டே பந்தி நடந்தது. வேறுபாடு வரிசைக்கும் வட்டத்துக்கும் இடையே இருந்தது: அங்கே ஆளுக்கோர் இலை, இங்கே பலருக்கு ஒரு சஹன். யாரோடு யார் அமரலாம் என்பது தமிழகத்தில் எவ்வளவு பெரிய கேள்வியாக இருந்தது என்பதற்கு 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்களுக்குத் தனிப்பந்தி வைத்ததால் எழுந்த கிளர்ச்சியே சான்று. அத்தகைய காலத்தில், செல்வரும் அவரிடம் வேலை செய்பவரும் ஒரே சஹனில் கை வைப்பது நம் மார்க்கம் தந்த பெரும் பேறு.

ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று சபுர் போன நம் முன்னோர் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த துறைமுக நகரங்களில் மேசை நாற்காலியைப் பழகினார்கள். பின்னர் வளைகுடாவுக்குச் சென்ற தலைமுறை சம்பாதித்துக் கட்டிய வீடுகளில் சாப்பாட்டு அறை என்றே தனி அறை வந்தது. மேசையும் கடைசியில் சபுராளியின் பெட்டியோடு வந்ததுதான்.

நாற்காலி எண்ணும், பாய் எண்ணாது

மேசையால் வந்த இழப்பு உயரத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஆறு நாற்காலி என்றால் ஏழாவது விருந்தாளி காத்திருக்க வேண்டும். பாயில் ஒருவர் சற்று ஒடுங்கினால் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழி நாற்காலியில் இயங்காது. ஒடுங்கி அமரும் இடத்தில்தான் இயங்கும். உண்டும் வயிறு நிறையவில்லையே என்று முறையிட்டவர்களிடம், நீங்கள் பிரிந்து உண்கிறீர்கள் போலும், சேர்ந்து உண்ணுங்கள், பரக்கத் உண்டாகும் என்ற கருத்தில் நபியவர்கள் அறிவுறுத்தியதும் (அபூதாவூத்) இதனால்தான் நமக்கு முக்கியமாகிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. சில திருமண மண்டபங்களில் 'முக்கியப் பிரமுகர்' மேசை என்று ஒன்று தனியே போடப்படுகிறது. முதியவருக்காக உயர்ந்த இருக்கை என்பது கருணை. பணக்காரருக்காக உயர்ந்த இருக்கை என்பது ரோமானியக் கட்டிலின் மிச்சம்.

சென்ற பெருநாளில் எங்கள் வீட்டில் ஒன்று செய்து பார்த்தோம். மேசையை மூலையிலிருந்து நகர்த்திக் கூடத்தில், சுப்ராவின் தலைமாட்டை ஒட்டி வைத்தோம். இரு பக்கமும் நாற்காலிகளை எடுத்துவிட்டு, ஒடுங்கி அமர வசதியாக நீள விசுப்பலகை போட்டோம். பெரியவரைத் தனித்தட்டோடு அனுப்பாமல், சஹனையே மேசைமேல் ஏற்றினோம். பேரப்பிள்ளைகள் இருவர் அவர் சஹனில் அமர்ந்தார்கள். கீழே பாயில் மற்ற சஹன்கள். ஒரே பிஸ்மில்லாஹ், ஒரே நேரம், ஒரே சட்டியின் கறி.

பெரியவர் கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து, முதலில் சின்னவன் பக்கம் நகர்த்தி வைத்தார். இடையில் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் வந்தார். விசுப்பலகையில் மூவரும் சற்று நெருங்கிக்கொண்டார்கள். அவருக்கும் இடம் கிடைத்தது.

பாயா மேசையா என்பதைவிட, நம் பந்தியில் எவரும் தனித்து விடப்பட்டாரா என்பதையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். வந்தவருக்காக ஒடுங்கி அமரும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.